சோதனைக்கு மட்டும்

விசாரணை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அவர்கள் இருவரும் வியாழக்கிழமை ஒன்பதேகாலுக்கு என் அறைக்கு வந்தார்கள். முதலாமாண்டு மாணவி ஒருத்தி, கூடவே அவளுடைய சித்தி. சித்தி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். கடையின் நீல மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"லாக்கர் செஞ்சது நீங்கதானா?" என்றார் சித்தி.

"நான் மட்டும் இல்ல. உட்காருங்க."

"உட்கார நேரமில்ல. பதினொரு மணிக்கு நான் கடையில நிக்கணும். இவளைத் திருடின்னு நாளைக்கு எழுதப் போறாங்க. அதுக்குள்ள நீங்க ஒரு பதில் சொல்லணும்."

"சித்தி, மெதுவா," என்றாள் அந்தப் பெண்.

"மெதுவாப் பேசிப் பேசித்தான்டி இங்க வந்து நிக்கிறோம்."

விஷயம் எனக்குத் தெரியும். நூலக வாசலில் நாற்பத்தெட்டு லாக்கர்கள். இரண்டு வரிசை. மாணவர்கள் சாவிக்குப் பதிலாகத் தங்கள் அடையாளக் கார்டைத் திரைக்குக் கீழே வைத்தால் அவரவர் கதவு திறக்கும். மூன்று வாரமாக வெள்ளோட்டம். வரும் திங்கட்கிழமை வளாகம் முழுவதும் அறுநூறு லாக்கர்களைத் துணைவேந்தர் திறந்துவைப்பதாக இருந்தது. அதற்குள் இருபத்தெட்டாம் லாக்கரில் வைத்த மடிக்கணினி காணாமல் போய்விட்டது. இறுதியாண்டு மாணவர் ஒருவருடையது. அன்று காலை எட்டு ஐம்பத்து மூன்றுக்கு அந்தக் கதவைத் திறந்தது இந்தப் பெண்ணின் கார்டு என்று பதிவு சொன்னது. அதோடு விடவில்லை. இருபத்தைந்திலிருந்து முப்பத்தொன்று வரை வரிசையாக ஏழு கதவுகள் திறந்திருந்தன.

அந்தப் பதிவை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு விசாரணைக் குழுவுக்கு அனுப்பியது நான்தான். கார்டு எண் இருக்கும் பத்தி அகலமாக இருந்ததால் அதை மடக்கி வைத்திருந்தேன். பெயர், கதவு, நேரம் மட்டும் தாளில் வந்தன.

"ஏம்மா மத்த கதவையெல்லாம் திறந்த?" என்றேன்.

"நான் திறக்கல சார். அன்னைக்குத்தான் எனக்கு லாக்கர் குடுத்தாங்க, முப்பத்தொண்ணு. கார்டை வெச்சா இருபத்தஞ்சு திறந்துச்சு. மூடிட்டுத் திரும்ப வெச்சேன். இருபத்தாறு. அப்புறம் இருபத்தேழு. சரி, க்யூ மாதிரி வரும்போலன்னு நெனச்சேன்."

"க்யூவா?"

"புது சிஸ்டம். எப்படின்னு யாருக்குத் தெரியும்? நம்ம முறை வர்ற வரைக்கும் மூடிட்டே இருக்கணும்போலன்னு..."

"சாயங்காலம் பொருளை எடுக்கும்போது?"

"முப்பத்திரண்டுல ஆரம்பிச்சுது. நாற்பத்தெட்டு வரைக்கும் போய், திரும்ப இருபத்தஞ்சுலேர்ந்து வந்துச்சு. இருபத்து நாலு தடவ வெச்சேன். எல்லாத்தையும் நல்லா அழுத்தி மூடினேன் சார். ஒண்ணைக்கூடத் திறந்து போடல."

"பாத்தீங்களா, எவ்வளவு பொறுப்பான திருடி," என்றார் சித்தி. "ஒவ்வொரு வீடாத் திறந்து, ஒவ்வொண்ணையும் பூட்டிட்டுப் போயிருக்கா. வீட்டுல ஒரு டப்பாவ மூடச் சொன்னா மூட மாட்டா."

"அன்னைக்கே புகார் எழுதிப் போட்டேன்," என்றாள் பெண். "பதில் வந்துச்சு. 'மறுபடி முயற்சி செய்யவும்'னு. மறுநாள் முயற்சி செஞ்சேன். முப்பத்திரண்டு திறந்துச்சு. அதோட விட்டுட்டேன். பையை முதுகுலயே போட்டுட்டுத் திரியறேன்."

அந்தப் பதில் என்னுடையது. அன்று இரவு அறுபத்து மூன்று புகார்களை மூடினேன். எல்லாவற்றுக்கும் அதே மூன்று சொற்கள். எதையும் முழுதாகப் படித்ததாக நினைவில்லை.

"விடுதி அறைச் சாவிய வாங்கிட்டாங்க," என்றார் சித்தி. "ஒரு வாரமா என் வீட்டுலதான் இருக்கா. ரெண்டு பஸ் மாறி வர்றா. நாளைக்கு அவங்க எழுதிட்டா சீட்டே போயிடும்."

"கார்டைக் குடும்மா."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். படத்தில் இன்னும் பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தாள். கீழே எட்டு இலக்கம். கடைசி நான்கு: 6248.

ஓர் எண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நீங்க கடைக்குப் போங்க," என்றேன் சித்தியிடம். "நாளைக்கு நான் வர்றேன்."

"வந்து?"

"இன்னும் பார்க்கணும்."

"பாருங்க. நல்லாப் பாருங்க," என்றார். போகும்போது கதவை அந்தப் பெண்தான் மூடினாள். அழுத்தி.

*

6248 என் மனைவியின் கார்டு எண்.

அவள் இதே வளாகத்தில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தாள். போன வருடம் ஒப்பந்தக்காரர் பன்னிரண்டு கதவுள்ள மாதிரிப் பெட்டி ஒன்றை அனுப்பினார். அலுவலகத்தில் இடமில்லை. சின்ன வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் நிறுத்தினேன். என் கார்டை நான் எப்போதும் அலுவலக மேஜையிலேயே விட்டுவிட்டு வருவேன். அவள் கார்டு எப்போதும் அவள் கழுத்தில் இருக்கும். அதனால் கார்டு வைக்கும் வேலை அவளுக்கு, கணினியைப் பார்க்கும் வேலை எனக்கு.

பன்னிரண்டு தாழ்ப்பாளும் விழுகிறதா என்று பார்க்க ஒரு வரி எழுதினேன். இந்த எண் வந்தால், ஒவ்வொரு முறையும் அடுத்த கதவைத் திற. பக்கத்தில் குறிப்பு: சோதனைக்கு மட்டும், பிறகு நீக்கவும்.

அவள் கார்டை வைப்பாள். கதவு திறக்கும். உள்ளே எட்டிப் பார்த்து, "முதல் வீடு. யாரும் இல்ல," என்பாள். "ரெண்டாவது வீடு. யாரும் இல்ல." ஏழாவது கதவு சிக்கும். அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். "ஏழாவது வீட்டுக்காரர் தூங்குறார்." பன்னிரண்டு முடிந்ததும், "ஊரே காலி. நாளைக்கு வர்றேன்," என்று சமையலறைக்குப் போய்விடுவாள். இரண்டு மாதம் இப்படிப் போனது.

பிறகு மூளைக் காய்ச்சல். மருத்துவமனையில் பதினோரு நாள்.

ஒரு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். வெள்ளோட்டத்துக்கு முன் நீக்க வேண்டிய சோதனை வரிகள் பட்டியலில் நாற்பத்திரண்டு இருந்தன. நாற்பத்தொன்றை நீக்கினேன். மிச்சமிருந்த ஒன்றை மறக்கவில்லை. தினமும் காலையில் அந்தக் கோப்பைத் திறப்பேன், அந்த வரியைப் பார்ப்பேன், மூடுவேன். பட்டியலில் மட்டும் 'முடிந்தது' என்று குறித்துவிட்டேன்.

அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன். கார்டை நான்தான் பணியாளர் பிரிவில் ஒப்படைத்தேன். ஆய்வக மேலங்கி, சரக்கறைச் சாவி, கார்டு. அங்கே இருந்தவர் என் கண் முன்னால் கார்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, படிவத்தில் முத்திரை குத்தினார். கார்டே இல்லாத எண் யார் கதவைத் திறக்கும்?

விடுபட்ட எண்களைக் கார்டு பிரிவு புது மாணவர்களுக்குக் கொடுக்கிறது. அவர்கள் விதிப்புத்தகத்தில் நான்காம் பக்கத்திலேயே இருக்கிறது. வியாழக்கிழமைதான் படித்தேன்.

*

கம்பி அண்ணனைக் கூட்டிக்கொண்டு நூலக வாசலுக்குப் போனேன். நாற்பத்தெட்டு கதவுக்கும் மின்கம்பி இழுத்தவர் அவர்தான். ஒப்பந்தக்காரரின் ஆள். எங்கே போனாலும் தோளில் ஒரு சுருள் கம்பி தொங்கும். அதனால் அந்தப் பெயர்.

"ஏதாவது சோதனை வரி ஒரு கதவைத் திறந்துட்டா, அப்புறம் சர்வர் அந்தக் கதவைப் பத்தி என்ன நினைக்கும்?" என்று கேட்டேன்.

"என்னைக் கேக்குறீங்களே சார். நான் கம்பிதான் இழுத்தேன். நினைக்கிற வேலையெல்லாம் நீங்க செஞ்சது."

கேள்வியை எனக்கேதான் கேட்டுக்கொண்டேன். சோதனை என்பதால், திறந்த கதவைக் காலி என்று குறிக்கும். உள்ளே யாருடைய பொருள் இருந்தாலும் சரி. காலி என்றால் அடுத்து லாக்கர் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடும்.

பதிவைப் பார்த்தேன். எட்டு ஐம்பத்தெட்டுக்கு இருபத்தெட்டாம் லாக்கர் மூன்றாமாண்டு மாணவர் ஒருவருக்குப் போயிருந்தது. ஃபோன் செய்தேன்.

"ஆமா சார், உள்ள ஒரு கறுப்புப் பை இருந்துச்சு," என்றார். "யாரோ மறந்துட்டாங்கன்னு வாசல்ல காவலர்கிட்ட குடுத்துட்டேன். ஏன் சார்?"

காவலர் இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரும்பு பீரோ. கேட்டதும் எழுந்து திறந்தார். மூன்று குடை, ஒற்றைச் செருப்பு, கறுப்புப் பை.

"ஒன்பது நாளா இங்கயேவா இருக்கு?"

"வேற எங்க போகும்?"

"ஒரு பொண்ணைத் திருடின்னு விசாரிக்கிறாங்க. சொல்லலையா?"

"யாரு என்னைக் கேட்டா? அதுவும் இல்லாம பதிவேடு முடிஞ்சுபோச்சு. புதுசு கேட்டு எழுதியிருக்கேன். பதிவேட்டுல ஏறாத பொருள் இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்லியிருக்கலாம்ணே," என்றார் கம்பி அண்ணன்.

"வாயால சொன்னா கையெழுத்து யாரு போடுறது?"

கம்பி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பையை வாங்கிக்கொண்டேன். நான் தாள் கிழித்து ரசீது எழுதிக் கொடுத்த பிறகுதான் காவலர் கையை விட்டார்.

*

எங்கள் இயக்குநர் பையைத் திறந்து மடிக்கணினியைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, நாற்காலியில் சாய்ந்தார். நல்ல மனுஷி. அந்தப் பதினோரு நாளும் மருத்துவமனை நடையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண், வரி, பட்டியல், மூடிய புகார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம்."

"நல்லது. அந்த வரிய இன்னைக்கே எடுத்துடு. நாளைக்குக் கார்டு ரீடர்ல கோளாறுன்னு சொல்லு. பொருள் கிடைச்சாச்சு. அந்தப் பொண்ணு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதட்டும். எச்சரிக்கையோட முடிச்சுக்குவாங்க. திங்கக்கிழமைக்கும் தொல்லை இல்ல."

"எதுக்கு மன்னிப்பு மேடம்?"

"மத்தவங்க கதவை..." என்று ஆரம்பித்தவர் யோசித்தார். "மூடினதுக்கு," என்றார். அவருக்கே சிரிப்பு வந்தது. உடனே நிறுத்திக்கொண்டார்.

"அந்தக் கடிதம் நாலு வருஷமும் அவ ஃபைல்ல இருக்கும்."

"ஃபைல யாரு பார்க்கிறா?"

"ரீடர் கோளாறுன்னா கம்பி அண்ணன் தலையில விடியும்."

"அவர் நம்ம ஆள் இல்ல. ஒப்பந்தக்காரர் பார்த்துக்குவார்." குரலைத் தாழ்த்தினார். "உனக்காகத்தான் சொல்றேன். பட்டியல்ல 'முடிந்தது'ன்னு பொய் எழுதியிருக்கன்னா உன்னை இந்த வேலையில வெச்சிருக்க விடமாட்டாங்க. உனக்கு இப்ப இருக்கிறதே இந்த வேலைதான்."

அது உண்மை. எழுந்து வந்துவிட்டேன். அந்த வரியை அன்று நீக்கவில்லை. 6248-க்கு வாசல் லாக்கர்கள் திறக்காதபடி இரண்டு வரிசையையும் மட்டும் நிறுத்திவைத்தேன்.

*

வீட்டில் மாமா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தவர், பத்து மாதமாக இருக்கிறார். அவர் கிளம்புவதாகச் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

மாதிரிப் பெட்டி இன்னும் முன்னறையில்தான் நிற்கிறது. மின் இணைப்பு இல்லாததால் கதவுகள் சும்மா ஆடும். மாமா அதில் மாத்திரை வைத்துக்கொள்கிறார். முதல் கதவு சர்க்கரை, இரண்டாவது ரத்த அழுத்தம், மூன்றாவது முழங்கால். மூக்குக் கண்ணாடி ஐந்தில்.

"இந்தப் பொட்டிய எப்ப மாப்ள திருப்பிக் குடுக்கப் போற?" என்றார். வாரம் ஒருமுறை கேட்பது.

"குடுக்கணும் மாமா."

"எனக்கொண்ணும் அவசரமில்ல. ஏழாவதுதான் திறக்க மாட்டேங்குது. நல்ல வேளை, எனக்கு ஏழாவது வியாதி இன்னும் வரல."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நம்ம பாப்பா நம்பரா?"

"ஆமா மாமா."

"இப்ப வேற ஒரு புள்ள கழுத்துல கிடக்கு?"

"ஆமா."

மூன்றாவது கதவைத் திறந்து மாத்திரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். கதவை மூடினார்.

"நீ ஏன் அதை எடுக்கல?"

"தெரியல."

"என் ஃபோன்லயும் அவ நம்பர் இருக்கு. நானும் எடுக்கல," என்றார். "ஆனா அது யாரு வீட்டுக் கதவையும் திறக்கலயே மாப்ள."

சத்தத்தை மறுபடி கூட்டினார்.

*

விசாரணை அறை நீளமானது. மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் சட்டத் துறை. பக்கவாட்டில் எங்கள் இயக்குநர். மேஜை மேல் கறுப்புப் பை. சித்தியை உள்ளே விடவில்லை. திறந்திருந்த கதவருகே நீல மேலங்கியில் நின்றுகொண்டிருந்தார்.

கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். 'பிறருக்கு ஒதுக்கப்பட்ட லாக்கர்களை அனுமதியின்றி இயக்கியதற்கு வருந்துகிறேன்.' அந்தப் பெண்ணின் கையில் பேனா இருந்தது.

"பொருள் கிடைத்துவிட்டது," என்றார் சட்டத் துறை. "அதனால் இதோடு முடித்துக்கொள்கிறோம். கையெழுத்துப் போடுங்க."

"எனக்கு அறைச் சாவி கிடைக்குமா சார்?" என்று கேட்டாள்.

"கிடைக்கும்."

அவள் குனிந்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றேன். "அவ எதையும் இயக்கல. கார்டை வெச்சா, மத்த கதவைத் திறன்னு நான் எழுதியிருக்கேன்."

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரீடர் கோளாறு என்று சொன்னார்களே?"

"ரீடர் நல்லா இருக்கு. கம்பியும் நல்லா இருக்கு. ஒரு எண் வந்தா அடுத்தடுத்த கதவைத் திறக்கற மாதிரி சோதனைக்கு ஒரு வரி எழுதினேன். அந்த எண் இப்ப இவங்ககிட்ட இருக்கு."

"யார் எண் அது?"

"என் மனைவியோடது. வேதியியல் ஆய்வகத்துல இருந்தாங்க."

"அவங்க இப்போ..."

"இல்ல."

சட்டத் துறை தன் பேனா மூடியைக் கழற்றினார், போட்டார்.

"அந்த வரியை நீக்க மறந்துட்டீங்க. அப்படித்தானே?" என்றார். கேட்ட விதத்திலேயே ஒரு வழி விட்டிருந்தார்.

"மறக்கல. தெரிஞ்சேதான் விட்டேன். நீக்கிட்டதா எழுதியும் வெச்சேன்."

"மாணவி புகார் ஏதும் கொடுக்கலையா?"

"அன்னைக்கே குடுத்தாங்க. நான் படிக்காம மூடிட்டேன். அன்னைக்கு இன்னும் நாலு பேருக்கு 'உங்களுக்கு லாக்கர் இல்லை'ன்னு திரை காட்டியிருக்கு. காவலர் சாவியால திறந்து குடுத்திருக்கார். அந்தப் புகாரையும் நான்தான் மூடினேன்."

அந்தப் பெண் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் கையெழுத்துப் போடணுமா, வேண்டாமா?"

"பேனாவைக் கீழ வைடி," என்றார் சித்தி, கதவருகிலிருந்து.

*

திங்கட்கிழமை விழா தள்ளிப்போனது. என்னை லாக்கர் வேலையிலிருந்து எடுத்து, தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நுழைவுச் சீட்டு அச்சடிக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இயக்குநர் உத்தரவைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. வரியை நீக்கி, அதே கார்டை வைத்துச் சரிபார்த்து, கையெழுத்துப் போட வேண்டும்.

பன்னிரண்டரை மணிக்கு நீக்கினேன். ஒரே ஒரு விசை. திரையில் அடுத்த வரி மேலே ஏறிக்கொண்டது.

இரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். முதுகில் பை. கையில் விடுதிச் சாவி. கம்பி அண்ணன் வரிசைக்கு மின்சாரம் கொடுத்தார்.

"எத்தனை தடவ சார்?"

"இருபத்து நாலு. படிவத்துல அப்படித்தான் இருக்கு."

"எண்ணட்டுமா?"

"எண்ணு."

கார்டை வைத்தாள். முப்பத்தொன்று திறந்தது. "ஒண்ணு," என்று அழுத்தி மூடினாள். மறுபடி வைத்தாள். முப்பத்தொன்று. "ரெண்டு." நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று, நான்கு, ஐந்து. ஏழாவது தடவை நிமிர்ந்து பார்த்தேன். கதவு சிக்கவில்லை.

"மெதுவாம்மா," என்றார் கம்பி அண்ணன், பதினேழில். "திருடலைன்னு சொல்லியாச்சு. இப்ப கதவைக் கையோட எடுத்துட்டுப் போயிடாத."

அவள் சிரித்து, எண்ணிக்கையை விட்டுவிட்டாள். பதினெட்டு என்று நான் சொன்னேன்.

இருபத்து நாலு முடிந்தது. எல்லாம் முப்பத்தொன்று. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கார்டு எண் பத்தியை இந்த முறை மடக்கவில்லை.

"வேணும்னா எண்ணை மாத்தித் தரச் சொல்றேன்," என்றேன். "கார்டு பிரிவுல ஒரு நாள்ல முடிஞ்சிடும்."

"எதுக்கு சார்? இப்பதான் மனப்பாடம் ஆச்சு." பிறகு ஏதோ நினைவு வந்து, "உங்களுக்கு ஏதாவது..." என்று இழுத்தாள்.

"ஒண்ணுமில்ல. வெச்சுக்க."

பையைக் கழற்றி உள்ளே வைத்தாள். தோளை ஒருமுறை உருட்டிவிட்டுக்கொண்டாள். கதவை மூடினாள். வகுப்பு இருக்கிறது என்று வெறுங்கையோடு ஓடினாள்.

கம்பி அண்ணன் சுருளைத் தோளில் மாட்டினார்.

"உங்க வீட்டுல ஒரு மாதிரிப் பொட்டி இருக்காமே சார். ஒப்பந்தக்காரர் கேக்குறார். நாளைக்கு வேன் கொண்டு வரட்டுமா?"

"வாங்க," என்றேன். "ஏழாவது கதவு திறக்காது. தலையில ஒரு தட்டுத் தட்டணும்."

மாமாவின் மாத்திரைகளுக்கு ஒரு டப்பா வாங்க வேண்டும். மூன்று தடுப்பு இருந்தால் போதும்.